ஐந்தாம் முறை வந்த விருந்தினர்

என் வீட்டைப் பற்றி இணையத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கின்றன. மொட்டை மாடி இருக்கிறது, பம்புசெட் இருக்கிறது, தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் கொய்யா மரம் இருக்கிறது. நான் சுட்ட பணியாரம் எல்லாக் கோணத்திலும் இருக்கிறது. நாய்கூட இருக்கிறது. அது என் நாயே இல்லை, பக்கத்து ஊர் அகரத்திலிருந்து சோறு தேடி வருவது. நான் மட்டும் இல்லை. காரணம் எளிது: அந்தப் படங்களில் பாதிக்கு மேல் எடுத்துக் கொடுத்ததே நான்தான். "ஆன்ட்டி, ஒரே ஒரு போட்டோ" என்று போனை நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து, சிறுமலை தெரிகிற மாதிரி நின்று, "செத்த நேரம் அசையாம நில்லுங்க" என்று எடுத்துக் கொடுப்பேன். ஒரு படத்தில் என் கட்டைவிரல் ஓரமாக விழுந்துவிட்டது. அவர்கள் கவனிக்காமல் அப்படியே போட்டுவிட்டார்கள். அந்தப் படத்துக்கு எத்தனை லைக் வந்திருக்கிறது என்று நான் போய்ப் பார்த்தேன். வெட்கம்தான், ஆனாலும் பார்த்தேன்.

தாடிக்கொம்பு தாண்டி, அகரம் போகும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி வயலுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் என் வீடு. அப்பா கட்டியது. நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று, சர்ச் குடும்பங்கள் தெருவாரியாகக் கூடும் அன்பியக் கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், எனக்கே அவற்றில் இரண்டு மூன்று பிடிக்கும். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். சென்னையில் இருக்கும் தம்பி, "வீட்ட வித்துட்டு எங்களோட வந்துரு அக்கா" என்றான். எங்களோட என்றால் பிள்ளைகள் படிக்கும் அறையில் ஒரு கட்டில் என்று எனக்குத் தெரியும். லீவுக்குப் போய் அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறேன். வரவில்லை என்று சொல்லிவிட்டு, கீழே ஒரு அறை, மாடியில் ஒரு அறை என்று ஒதுக்கி, வருகிறவர்கள் தங்கும் வீடாக மாற்றினேன். கொடைக்கானல் போகிற வழியில் ஒரு நாள் இளைப்பாறுகிறவர்கள், பிரியாணிக்கென்றே பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், மலைக்கோட்டை ஏறிவிட்டு முட்டிவலியோடு திரும்புகிறவர்கள் என்று ஆள் வர ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். சென்னையிலிருந்து வந்திருந்த தாடி வைத்த தம்பி ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார். "உங்களுக்கு நீங்களே விளம்பரம் பண்ணாதீங்க, யாரும் நம்ப மாட்டாங்க. உங்க கெஸ்ட் பண்ணட்டும். அவங்க எடுக்குற போட்டோதான் உங்க சொத்து" என்றார். வீட்டில் போட்டோ எடுக்க ஏற்ற இடம் ஒன்று இருக்க வேண்டும். வந்தவர்கள் படம் போட்டால் நம் இணையப் பக்கத்தையும் சேர்த்துப் போடச் சொல்ல வேண்டும். அதை நாம் எடுத்து மறுபடியும் போட வேண்டும். யார் என்ன கருத்து எழுதினாலும் ஒரு நாளைக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். திரும்பத் திரும்ப வருகிற விருந்தினர் தங்கம், எத்தனையாவது முறை வருகிறார் என்று எழுதிப் போட்டால் புதியவர்களுக்கு நம்பிக்கை வரும். எல்லாவற்றையும் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன், டீச்சர் புத்தி. கடைசியாக அவர் என்னவோ அனுமதி, அனுமதி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் பிரியாணிப் பொட்டலம் வந்து இறங்கிவிட்டது. திண்டுக்கல்லில் மதியம் ஒரு மணிக்கு சீரகச்சம்பா வாசம் வந்த பிறகு ஒரு கூட்டத்தை உட்கார வைக்க யாராலும் முடியாது. நான் வரிசையில் ஆறாவதாக நின்றேன்.

சொன்னபடி செய்தேன். பம்புசெட் தொட்டிக்கு வெள்ளையடித்தேன். அதுதான் போட்டோ எடுக்கும் இடம் ஆனது. சென்னைப் பிள்ளைகள் மோட்டார் தண்ணீரில் தலையைக் கொடுத்து ஆடுவதை ஒருவர் மாற்றி ஒருவர் ரீல்ஸ் எடுத்துப் போட்டார்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும் என்பது அவர்களுக்குப் புரியாது. மத்தியானம் இரண்டு மணிக்குத் துண்டோடு வந்து நின்றுவிட்டு, "பம்புசெட்டில் தண்ணீர் வரவில்லை, பெரும் ஏமாற்றம்" என்று இரண்டு நட்சத்திரம் கொடுப்பார்கள். ஒருவர், மயில் கத்துகிறது என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருந்தார். மயிலிடம் சொல்லிவைக்கிறேன் என்று பதில் எழுதினேன்.

எல்லோருக்கும் பதில் எழுதினேன். அவர்கள் ஒரு வரி எழுதினால் நான் பத்து வரி எழுதினேன். விவசாய மின்சாரம் எப்படி வருகிறது என்று ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்வது போல விளக்கினேன். "இந்த அம்மா எழுதுற பதிலப் படிக்கவே இந்தப் பக்கம் வரலாம்" என்று ஒருவர் எழுதினார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த வீட்டில் எனக்குப் பேச ஆள் கிடையாது. ஊருக்குள்ளேயே இருபத்தைந்து வருஷம் கத்திக் கத்திப் பாடம் நடத்தியவளுக்கு, ஒரு நாள் முழுக்கத் தன் குரலைக் கேட்காமல் இருப்பது லேசான காரியமில்லை. போனில் கட்டைவிரலால் தட்டித் தட்டிப் பேசினேன். அந்தப் பக்கத்திலிருந்து பெரும்பாலும் ஒரு கும்பிடு பொம்மை வரும். "சொந்த வீடு மாதிரி இருந்தது" என்று எழுதுவார்கள். எழுதிவிட்டுச் சொந்த வீட்டில் இருப்பார்கள். எனக்குத் திங்கட்கிழமை வந்துவிடும்.

ஐந்து முறை வந்த அந்த அம்மா முதலில் போனில்தான் பேசினார். "ஏனுங்க, ஒரு ஆளுக்கு ரூம் கிடைக்குமுங்களா? லேடீஸுங்க." ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. ஒரு இரண்டாம் சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, ஆபீஸ் போகிற பையோடு வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏதோ ஒரு அலுவலகத்தில் கிளார்க் வேலை. பதிவேட்டில் எழுதவும் ஆதார் நகல் வாங்கவும் எனக்கு நேரம் பிடித்தது, நின்றபடியே கண் சொக்கி ஆடிக்கொண்டிருந்தார். பம்புசெட்டைக் காட்டினேன், பார்க்கவில்லை. மலை தெரியும் மொட்டை மாடியைச் சொன்னேன், கேட்கவில்லை. "கதவ யாரும் தட்ட மாட்டாங்களுங்களே?" என்று மட்டும் கேட்டார். தட்ட மாட்டோம் என்றேன். நாலு மணிவரை சத்தமே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. தனியாக அறை எடுத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்களைப் பற்றி என்னவெல்லாம் பேப்பரில் படிக்கிறோம். மாடிப்படியில் பாதி ஏறி நின்றேன். உள்ளே குறட்டை கேட்டது. இறங்கி வந்துவிட்டேன்.

எழுந்து வந்து சோறு கேட்டார். சாதம், கத்திரிக்காய்க் குழம்பு, அவரைக்காய் வெஞ்சனம். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். "யாரோ ஆக்கிப்போட்டு நானு உக்காந்து சாப்புட்டு எத்தன வருசமாச்சுங்க" என்றார். ஐந்தரை பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. பயிற்சி வகுப்புக் கணக்குப்படி என் வீட்டுக்கு வந்ததிலேயே உபயோகமில்லாத விருந்தினர் அவர்தான்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். அதற்கடுத்த இரண்டு மாதத்தில் மறுபடி. மூன்றாம் முறை வரும்போது அவர் எனக்கு அவளாகிவிட்டாள். நான் அவளுக்கு அக்கா. தூங்கி எழுந்ததும் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை, முட்டிவலி. இரண்டு பையன்கள். வீட்டுக்காரர் நல்ல மனுஷன், உரக்கடை வைத்திருக்கிறார். காலை நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பத்தரைக்குப் படுக்கை. படுத்த பிறகு மாமியார் இரண்டு முறை கூப்பிடுவார். "சலிப்பில்லைங்கக்கா. அவிங்க மேல கோவமும் இல்ல. தூக்கந்தானுங்க பத்தலை" என்பாள். நான் ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறாய் என்று நானும் கேட்கவில்லை. அந்த மரியாதை எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது.

அவள் வருகிற சனிக்கிழமைக்கு நான் புதன்கிழமையே காய்கறி யோசிக்க ஆரம்பித்தேன். வேறு ஆளுக்கு மாடி அறை இல்லை என்றேன். இதெல்லாம் விடுதி நடத்துகிறவள் செய்கிற காரியமில்லை, தெரியும்.

ஐந்தாம் முறை வந்தபோது வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேரும் தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். அவள் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தாள். அழகாக இருந்தது. பழக்க தோஷத்தில் நான் போனை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். "எங்கீங்க போறீங்க? நீங்களும் வந்து உக்காருங்கக்கா, சேந்து எடுக்கலாமுங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளே என் போனை வாங்கிக் கையை நீட்டி எடுத்தாள். அவள் சிரிக்கிறாள், நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முழிக்கிறேன். என் வீட்டில் எடுக்கப்பட்ட படங்களில் நான் இருப்பது அதில் மட்டும்தான். அன்றைக்கு ராத்திரி சாப்பிடுவதற்குள் அதை எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஆதார் நகலில் அவள் பிறந்த தேதி இருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை. எங்கள் ஊரில் பிறந்தநாளைச் சத்தம் போட்டுச் சொல்லாமல் விட்டால் அந்த ஆளை மதிக்கவில்லை என்று அர்த்தம். வசதி உள்ளவர்களுக்கு பஸ் ஸ்டாண்டில் பேனர், மற்றவர்களுக்கு ஸ்டேட்டஸ். அன்பியக் குழுவில் காலை ஆறு மணிக்கே கேக் படத்துக்கு நடுவில் முகம் வந்துவிடும். யாருக்காவது ஒருவருக்கு விட்டுப்போனால் ஒரு மாசத்துக்கு மனஸ்தாபம். போன வருஷம் என் பிறந்தநாளுக்கு எனக்கு வாழ்த்துச் சொன்னது இரண்டே பேர். ஒன்று பேங்க், இன்னொன்று நகைக்கடை. நகைக்கடை என்னை அன்பானவரே என்றது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால், அவளுக்கு அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை எங்கள் பக்கத்தில் அந்தப் படத்தைப் போட்டேன். "எங்கள் இல்லத்துக்கு ஐந்தாம் முறையாக வந்த அன்பு விருந்தினருக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். இங்கே வந்தால்தான் இவருக்கு நிம்மதியான தூக்கம்" என்று எழுதினேன். திண்டுக்கல், கொடைக்கானல், பம்புசெட் என்று சொல்லிக்கொடுத்த அத்தனை அடையாளச் சொற்களையும் கீழே சேர்த்தேன். பிறந்தநாளுக்காகப் போட்டேன் என்று அன்றைக்கு என்னிடமே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து சிரிக்கிறது என்பதை ஊர் பார்க்க வேண்டும் என்று இருந்தது. தம்பி பார்க்க வேண்டும், அன்பியம் பார்க்க வேண்டும். அதுதான் நிஜம்.

அதுவரை நான் போட்ட எதற்கும் அவ்வளவு லைக் வந்ததில்லை. "டீச்சர், சிரிச்சா நல்லாத்தான இருக்கீங்க" என்று பழைய மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"அக்கா, அதைய எடுத்துருங்க" என்றாள்.

"ஏம்மா, நல்லா இல்லையா? நீதான எடுத்த?"

"எடுத்துருங்கக்கா. இப்பவே."

எடுத்தேன். வாழ்த்துச் சொல்லக்கூட விடவில்லை, வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆபீஸ் போனிலிருந்து பேசினாள். திண்டுக்கல்லில் ஆபீஸ் டிரெய்னிங் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறாள். வீட்டுக்காரரின் அக்கா பையன் கூட்டாளிகளோடு கொடைக்கானல் போக இடம் தேடிக்கொண்டிருந்தபோது படத்தைப் பார்த்துவிட்டான். குடும்பக் குழுவில் போட்டு, "அத்தைக்கு பிறந்தநாள் வாழ்த்து திண்டுக்கல் வரைக்கும் போயிருக்கு" என்று எழுதிவிட்டான். அவன் விளையாட்டாகத்தான் எழுதினான். பெரியவர்கள் விளையாட்டாகப் படிக்கவில்லை.

"ஒரு தடவைன்னா என்னமாச்சும் சொல்லியிருப்பேனுங்க. அஞ்சுன்னு எழுதியிருந்தீங்களேக்கா" என்றாள்.

குரலில் கோபமில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஒரு ஆளுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஒரு கட்டிலை, நான் லைக் வாங்குவதற்காகத் தெருவில் தூக்கிப் போட்டுவிட்டேன். வரிசையில் ஆறாவதாக நின்றபோது காதில் விழுந்த அனுமதி என்ற சொல் அப்போதுதான் முழுசாக விளங்கியது.

வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவார் என்று சொல்லியிருந்தாள். அதற்குள் நான் ஒரு வேலை செய்தேன். கணக்கு டீச்சர் இல்லையா, எதையும் நிரூபித்துவிடலாம் என்ற திமிர் இன்னும் போகவில்லை. அவள் வந்த ஐந்து சனிக்கிழமைகளிலும் கீழ் அறையில் யார் யார் தங்கினார்கள் என்று பார்த்து, அவர்கள் போட்ட படங்களையும் ரீல்ஸையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒரு குழந்தை கொய்யா மரத்தடியில் நிற்கிறது. பின்னால் மாடி அறைக் கதவு சாத்தியிருக்கிறது, வெளியே ஒரே ஒரு ஜோடிச் செருப்பு. இன்னொன்றில் காலேஜ் பிள்ளைகள் தண்ணீரில் ஆடுகிறார்கள். பின்னால் அவள் தனியாக மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடிக்கிறாள். நாலு சனிக்கிழமைக்குச் சாட்சி கிடைத்தது. ஐந்தாவதுக்கு நானே இருக்கிறேன். ஊரான் போட்ட படங்கள் என் சொத்து என்று தாடிக்காரத் தம்பி சொன்னது இதற்குத்தான் போலிருக்கிறது என்று தைரியமாகவே இருந்தேன்.

சர்ச்சில் பூசை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, கார் வந்து நின்றது. வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும். அண்ணன் காரில் சாய்ந்து வாசலிலேயே நின்றுகொண்டார். வீட்டுக்காரர் மெலிந்த ஆள், மரியாதையாகப் பேசினார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். மரியாதைக்குத் தயாராக இல்லை.

"யாரோடங்க வந்தாங்க?"

"தனியாத்தான் வந்தாக."

"தனியா வந்து என்னங்க பண்ணுனாங்க?"

"தூங்குனாக."

"தூங்குனாங்களா?"

"ஆமா. எந்திரிச்சுச் சாப்புட்டாக. வெங்காயம் உரிச்சாக. பஸ்ஸுக்குப் போனாக."

"தூங்கறதுக்காங்க இத்தன தூரம் வருவாங்க? வூட்டுல கட்டில் இல்லீங்களா?"

நான் பதிவேட்டைக் காட்டினேன். பிறகு போனைக் கொடுத்து, குழந்தையையும் காலேஜ் பிள்ளைகளையும் காட்டினேன். எந்தப் படத்தில் எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்று விரல் வைத்துச் சொன்னேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். மனைவி டீ குடிக்கிற இடத்தை மட்டும் பெரிசாக்கிப் பார்த்தார்.

"போட்டோவுல இல்லாத ஆளும் இருக்கலாமில்லீங்க? எடுத்த ஆளு யாருன்னு தெரியாதுங்களே" என்றார்.

"நான்தான் எடுத்தேன்."

"எல்லாமுங்களா?"

"எல்லாந்தான். இந்த வீட்டுல எடுக்குறதுக்கு வேற யாரு இருக்கா? நீங்களே பாருங்க."

அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் என் தட்டு ஒன்று மட்டும் கவிழ்த்து வைத்திருந்தது. மாடியைப் பார்க்கலாமா என்று கேட்டார். சாவியைக் கொடுத்தேன். தனியாக ஏறிப் போனார். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். இறங்கி வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். "நல்லாத்தானுங்க காத்து வருது" என்றார். வண்டியில் ஏறினார். நம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. வாசலில் நின்று அழுதேன். ஜெயித்துவிட்டதாக நினைத்து அழுதேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வழக்கம்போல இரண்டு மாதம் கழித்து வர வேண்டிய இரண்டாம் சனிக்கிழமை அவள் வரவில்லை. போனும் இல்லை. நானாகக் கூப்பிட்டு இன்னொரு வினையை இழுக்க எனக்குத் துணிவில்லை. அதற்கடுத்த மாதம் போன் வந்தது, வீட்டுக்காரரிடமிருந்து. நல்ல உற்சாகத்தில் இருந்தார். "அவ மட்டும் வந்து வந்து போயிட்டா எப்படீங்க, நாங்களும் பாக்க வேணாமுங்களா? ரெண்டு ரூமும் போட்டு வைங்க. அம்மாவயும் கூட்டியாறோம்" என்றார்.

வந்தார்கள். நல்லவர்கள், உள்ளபடியே நல்லவர்கள். பையன்கள் தொட்டியை விட்டு வெளியே வரவில்லை. மாமியாரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கீழ் அறையில் படுக்கவைத்தோம். வீட்டுக்காரர் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வூட்டம்மா கண்டுபுடிச்ச எடமுங்க" என்று பெருமையாகச் சொன்னார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வந்த விருந்தாளி வீட்டுக்காரியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. ஈரத்துணி காயப்போட்டாள். மாமியாருக்கு ஊசி போட்டாள். ராத்திரி இரண்டு முறை கீழே அழைப்பு மணி மாதிரி ஒரு குரல் கேட்டது, இரண்டு முறையும் மாடிக் கதவு திறந்தது. காலை நாலரைக்கு என் சமையலறையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாள்.

"நான் காய்ச்சுறேன், நீ போய்ச் செத்த படும்மா" என்றேன்.

"அவிங்களுக்கு என்ற கைப்பக்குவந்தானுங்கக்கா" என்றாள்.

கிளம்பும் முன்பு வீட்டுக்காரர் போனை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். தொட்டிச் சுவரில் மாமியார், பையன்கள், வீட்டுக்காரர், நடுவில் அவள். எடுத்துக் கொடுத்துவிட்டு, "இத எங்க பக்கத்துல போடலாமா?" என்று கேட்டேன். முதல்முறையாக ஒருவரிடம் அனுமதி கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தாராளமா போடுங்க. நானே அஞ்சு ஸ்டார் போட்டு எழுதறனுங்க" என்றார். நான் அவளைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றேன். "அவரு சொல்லிட்டாருங்களேக்கா" என்றாள். நான் போடவில்லை. அவர் சொன்னபடி ஐந்து நட்சத்திரம் போட்டு, குடும்பத்தோடு தங்க அருமையான இடம் என்று எழுதினார். ஒரு நாளைக்குள் நன்றி சொல்லிப் பதில் எழுதினேன்.

அவர்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் கஞ்சிப் பாத்திரம் கழுவிக் கொடுக்கிற சாக்கில் உள்ளே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் சொன்னாள்.

"அவரு தங்கமானவருங்கக்கா. இனி எங்க போறதாயிருந்தாலும் எல்லாருமாவே போலாங்கறாரு." பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள். "இனி நானு எங்கீங்க போறது?"

என் அம்மா படுக்கையில் இருந்தபோது பார்த்துக்கொண்ட நர்ஸம்மா ஒருவர் ஓய்வு பெற்று அய்யலூரில் இருக்கிறார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தெரிந்தவர்கள் கேட்டால் பின்னால் இருக்கும் அறையைக் கொடுப்பார். பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். நான் காலண்டர் தாளைக் கிழித்து அவர் பேரும் ஊரும் நம்பரும் எழுதி, அவள் கையில் வைத்து மூடினேன்.

"இவுக எதுலயும் இல்ல. பக்கமும் இல்ல, மேப்புலயும் இல்ல. என் பேரச் சொல்லு போதும். எங்கிட்டச் சொல்லிட்டும் போக வேணாம்" என்றேன்.

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்க?" என்றாள். வெளியே ஹாரன் அடித்தது. அவள் தாளை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அது நடந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்காரர் எழுதியதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய வருகின்றன. தொழில் முன்னைவிட நன்றாகவே நடக்கிறது. அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை, இருக்கவும் கூடாது. நர்ஸம்மாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஒரு நிமிஷம் பேசினால் போதும், அப்படி ஒருத்தி சனிக்கிழமைகளில் வருகிறாளா என்று தெரிந்துவிடும். எத்தனையோ நாள் போனைக் கையில் எடுத்திருக்கிறேன். கூப்பிடவில்லை. வரவில்லை என்று சொன்னால் என்னால் தாங்க முடியாது. வருகிறாள் என்று சொன்னால் அய்யலூர் பஸ்ஸில் ஏறிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.